வண்டி வந்ததே போதுமா?



புதிதாக வாகனம் வாங்குவோர் அதை முதலில் கோவில் முற்றத்திற்குக் கொண்டுவந்து மந்திரித்துச் செல்வது நம் பகுதியில் நெடுநாளைய வழக்கம். ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்திற்கு இதற்காகவே குடும்பத்தோடு புறப்படுவோரும் உண்டு. மாலை சூட்டி, சந்தனம் பூசி, வண்டி வந்து நிற்கும். நாமும் செபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்போம். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் இருந்தால், கண்டும் காணாதவர் போல் இருந்துவிடுவோம். வீட்டார் முகத்தில் பொங்கும் மகிழ்ச்சியைக் குலைக்க மனம் வருவதில்லை.

அவ்வாறு நாம் மந்திரித்த ஒரு காரைப் பற்றியே இம்மாதம் எழுத நேர்ந்தது.

அரியலூர்ப் பகுதியில் சிமெண்ட் ஆலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், தம் பணிக்கொடைப் பணத்தை முன்பணமாகக் கட்டி, எஞ்சியதற்கு வங்கிக் கடன் பெற்று, மகனுக்கு ஒரு கார் வாங்கினார். மகன் தானே ஓட்டிப் பிழைப்பதற்கான வாடகைக் கார் அது. இவ்வாண்டு தயாரான வண்டி என்றும், மாதா திருநாளுக்கு முன் கைக்கு வரும் என்றும் விற்பனை நிலையத்தார் சொன்னார்கள். திருநாள் கழிந்து ஏழு வாரம் சென்றபின் வண்டி வந்தது. கிலோமீட்டர் காட்டும் இடத்தில் நானூற்றுச் சொச்சம் இருந்தது. கிடங்கிலிருந்து ஓட்டி வந்ததால் என்றார்கள், இவர்களும் நம்பினார்கள். நான்கு மாதம் சென்றபின், வேறொரு தேவைக்காகப் பதிவுச் சான்றை எடுத்துப் பார்த்த மகன், அதில் அச்சிட்டிருந்த உற்பத்தி மாதத்தைக் கண்டு திகைத்தான். வாங்கிய நாளுக்குப் பதினாறு மாதங்களுக்கு முன் ஆலையை விட்டு வெளிவந்த வண்டி அது!

பெரியவர் நம்மிடம் வந்தார். நெடுநேரம் தயங்கிய பின் அவர் கேட்ட கேள்வி இது: “சாமி, நீங்கள் மந்திரித்த வண்டி. அதன் பேரில் போய் வழக்குப் போடலாமா? வண்டி வந்ததே போதும் என்று இருந்துவிடலாம் என்று பார்க்கிறேன்.”

“பெரியவரே, நாம் செபித்தது அதில் பயணம் செய்வோருக்காக. விற்றவர் சொன்ன பொய்க்கு நாம் முத்திரை வைக்கவில்லை” என்றோம். ஆயினும் அவருடைய சொற்கள் நம் மனத்தை விட்டு அகலவில்லை. ‘வண்டி வந்ததே போதும்’ என்னும் இந்த மனப்பான்மை எங்கிருந்து வந்தது?

நாம் இளைஞராயிருந்த நாள்களை எண்ணிப் பார்க்கிறோம். அன்று ஒரு ஸ்கூட்டர் வேண்டுமாயின் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கார் என்றால் அம்பாசடர், பத்மினி போன்ற இரண்டொரு பெயர்களே உண்டு. இன்ன நிறம் வேண்டும் என்று கேட்பதற்கும் துணிவு பிறவாது. வண்டி வீட்டு வாசலுக்கு வந்த நாளில், விற்றவர் ஏதோ உபகாரம் செய்துவிட்டதாகவே வாங்கியவர் கைகூப்பினார். 1983 டிசம்பரில் மாருதி கார் வெளிவந்தது. 1990களில் பல நிறுவனங்களும் வந்தன. இன்று திருச்சி சாலையில் சென்றால் கண்ணாடி மாளிகைகளாக விற்பனை நிலையங்கள் வரிசையில் நிற்கின்றன. காலம் மாறிவிட்டது, நம் கைகூப்பல் மாறவில்லை. விற்பனை நிலையத்தாரும் வண்டியைப் பட்டுத்துணியால் மூடி வைத்து, குடும்பத்தாரை அழைத்து, திரையை விலக்கி, பெரிய சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் படம் பிடிக்கிறார்கள். அந்த மகிழ்ச்சி ஆரவாரத்தில் எவர் குனிந்து சேசிஸ் எண்ணைப் பார்ப்பார்?

குனிந்து பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். கோவாவில் ஒருவர் 2011 ஆம் ஆண்டு டாடா நிறுவனத்தின் கார் ஒன்றை வாங்கினார். அவர் விலை கொடுத்தது 2011 ஆம் ஆண்டு மாதிரிக்கு. கைக்கு வந்ததோ 2009 ஆம் ஆண்டு மாதிரி. அதுவும் 622 கிலோமீட்டர் ஏற்கெனவே ஓடிய வண்டி. பணத்தைத் திருப்பித் தரும்படியோ, வேறு வண்டி தரும்படியோ கேட்டார், கிடைக்கவில்லை. நுகர்வோர் மன்றத்தை நாடினார். மாவட்ட மன்றம், மாநில ஆணையம், தேசிய ஆணையம் ஆகிய மூன்றும் அவர் பக்கமே தீர்ப்பளித்தன. விற்றவரோடு தயாரித்த நிறுவனத்தையும் பொறுப்பாளியாக்கின. நிறுவனம் உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. 2021 பிப்ரவரி 18 அன்று தீர்ப்பு வந்தது. விற்பனையாளர் நிறுவனத்தின் ஊழியர் அல்லர். நிறுவனத்திடம் வண்டியை விலைக்கு வாங்கித் தம் பொறுப்பில் விற்கும் தனி வணிகர். அவர் செய்த இச்செயல் நிறுவனத்திற்குத் தெரிந்திருந்தது என்று மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகவே நிறுவனம் பொறுப்பினின்று விடுவிக்கப்பட்டது. விற்றவர் பொறுப்பு அப்படியே நின்றது.

இத்தீர்ப்பில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. பழைய வண்டியைப் புதியது என்று விற்றவர் தப்பவில்லை என்பது ஒன்று. வண்டியின் நெற்றியில் உள்ள பெரிய பெயரை நம்பி நாம் பணம் கட்டுகிறோம்; ஆனால் வாக்குக் கொடுத்தவர் மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்த விற்பனையாளரே என்பது மற்றொன்று. அவ்வாக்கை எழுத்தில் வாங்காதவர், பின்னர் அது சொல்லப்பட்டது என்று காட்டுவதற்கே அல்லற்பட நேரிடும்.

குருமடத்தில் இலத்தீன் கற்ற நாளில், சட்ட மரபைச் சார்ந்த ஒரு முதுமொழியை மனப்பாடம் செய்தோம்: ‘காவெயாத் எம்ப்தோர்’; வாங்குபவனே விழிப்பாயிருக்கட்டும் என்பது பொருள். ஆனால் அடுத்த ஆண்டே ஒழுக்கவியல் வகுப்பில் புனித தோமா அக்குயினாரைப் படித்தபோது வேறொன்று கற்றோம். வாங்குவோருக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்கும் மறைவான குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும், மறைத்து விற்பது அநீதி என்று அவர் 13 ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். விழிப்பு வாங்குவோர் கடமை. பிரமாணிக்கம் விற்போர் கடமை. ஒருவர் தூங்கினார் என்பதால் மற்றவர் திருடலாம் என்று ஆகிவிடாது.

நம் நாட்டுச் சட்டமும் இந்தத் திசையிலேயே வளர்ந்துள்ளது. விவரித்துச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்திற்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்று 1930 ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமே கூறுகிறது. 1986 டிசம்பர் 24 அன்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் பெற்றது. அதன் இடத்தில் வந்த 2019 ஆம் ஆண்டுச் சட்டம் 2020 சூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. இப்புதிய சட்டம் நம் பெரம்பலூர், அரியலூர் மக்களுக்கு ஒரு பெரிய வசதியைச் செய்திருக்கிறது. முன்பெல்லாம் திருச்சியில் வாங்கிய வண்டிக்குப் பெரும்பாலும் திருச்சியிலேயே முறையிட வேண்டும். இன்று வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை 50 இலட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டணம், 5 இலட்சம் வரை இல்லை. 10 இலட்சம் வரை 200 ரூபாய். 20 இலட்சம் வரை 400 ரூபாய். 50 இலட்சம் வரை 1,000 ரூபாய். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. வழக்குக்குக் காரணம் பிறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

“வாடகைக்கு ஓட்டும் வண்டியாயிற்றே, அது வியாபாரமல்லவா?” என்று பெரியவரின் மகன் கேட்டான். தானே உழைத்துத் தன் பிழைப்பை நடத்துவதற்காக மட்டும் வாங்கிய பொருளைச் சட்டம் வணிக நோக்கமாகக் கொள்வதில்லை. தன் காரைத் தானே ஓட்டி வயிறு கழுவுபவன் நுகர்வோனே.

இனி நம் குடும்பங்கள் கைக்கொள்ள வேண்டியவற்றைச் சொல்கிறோம்.

முன்பணம் கட்டும் முன், வண்டியின் வகை, நிறம், உற்பத்தி ஆண்டு, ஒப்படைக்கும் நாள், மொத்த விலை ஆகியவற்றைப் பதிவுப் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ‘ஒப்படைக்கும் நாளன்று உள்ள விலையே செல்லும்’ என்று பல படிவங்களில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்த பிறகே கையொப்பமிடுங்கள். கொடுத்த ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வேண்டும். நாள் தள்ளிப்போனால் முன்பணம் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

வண்டியைப் பெறும் நாளில், மாலைக்கும் படத்திற்கும் முன்பாக, பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். விலைப்பட்டியலில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். உற்பத்தி மாதத்தைக் கேட்டு அறியுங்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். இவை அனைத்தும் பதிவுக்கு முன்பே நடைபெற வேண்டும். உங்கள் பெயரில் பதிவாகிவிட்டால் மாற்றித் தருவது கடினம் என்பார்கள். தற்காலிகப் பதிவோ நிரந்தரப் பதிவோ இன்றி வண்டியை ஒப்படைக்கலாகாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. ஆகையால் ‘முதலில் எடுத்துச் செல்லுங்கள், பிறகு பார்க்கலாம்’ என்போரிடம் எச்சரிக்கையாயிருங்கள்.

குறை கண்டால் தொலைபேசியில் சண்டையிட்டுப் பயனில்லை. நடந்ததையும், கேட்பதையும் ஒரு தாளில் எழுதி விரைவுத் தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். அதற்கும் செவிசாய்க்காவிடில் ஆணையத்தை நாடுங்கள். முறையீட்டில் கேட்க வேண்டியவற்றையெல்லாம் முதலிலேயே கேளுங்கள். குஜராத்தில் ஒருவர், விளம்பரத்தில் சொன்ன வகையைச் சேராத காரைத் தமக்கு விற்றார்கள் என்று வழக்கிட்டார். தேசிய ஆணையம் தயாரித்த நிறுவனத்தின் மேல் 25 இலட்சம் ரூபாய் தண்டத்தொகை விதித்தது. 2014 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அத்தொகையை நீக்கியது. முறையீட்டில் அது கேட்கப்படவேயில்லை, நிறுவனத்திற்குப் பதில் சொல்ல வாய்ப்பும் இல்லை என்பதே காரணம்.

நியாயத்தின் மறுபக்கத்தையும் சொல்லாவிடில் நாம் தவறியவராவோம். தாமதம் எல்லாம் வஞ்சகம் அல்ல. 2021 ஆம் ஆண்டு உலகெங்கும் மின்னணுச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, நேர்மையான விற்பனையாளரும் சொன்ன நாளில் வண்டி தர இயலாது தவித்தார்கள். அவர்களுள் பலர் உண்மையைச் சொல்லி முன்பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தார்கள். உண்மையைச் சொன்னவரிடம் பொறுமை காட்டுவது நம் கடமை.

விற்பனை நிலையங்களில் வேலை பார்க்கும் இளைஞருள் நம் பங்குப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மாத இலக்கு, மேலாளரின் நெருக்கடி, ஊக்கத்தொகை என்று அவர்கள் படும் பாட்டை நாம் அறிவோம். தம்பிகளே, ‘அடுத்த வாரம் வந்துவிடும்’ என்று நீங்கள் வாய்க்கு வந்தபடி சொல்லும் ஒரு வார்த்தையை நம்பி, ஒருவர் தம் ஆயுள் முழுதும் உழைத்த பணத்தை எண்ணி வைக்கிறார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அதனால் ஒரு விற்பனை கைநழுவலாம். உங்கள் பெயர் கைநழுவாது.

பெரியவரின் செய்திக்கு வருவோம். அவரும் மகனும் கடிதம் எழுதி அனுப்பினார்கள். இலவசமாக இரண்டு முறை சர்வீஸ் செய்து தருவதாகப் பதில் வந்தது. முன்பாயிருந்தால் அதையே வரமாக ஏற்றுக்கொண்டிருப்பார். இம்முறை மறுத்துவிட்டார். பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் உள்ள விலை வேறுபாட்டையும், தமக்கு நேர்ந்த இழப்பையும் கேட்டு மாவட்ட ஆணையத்தில் முறையிட்டிருக்கிறார். இவ்வரிகளை எழுதும் வேளையில் வழக்கு முடியவில்லை. எப்படி முடியும் என்று நாம் அறியோம்.

சென்ற ஞாயிறு பூசைக்குப் பின் அந்தக் கார் கோவில் முற்றத்தில் நின்றது. மகன் அதைத் துடைத்துக்கொண்டிருந்தான். நோயாளி ஒருவரைத் திருச்சி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வேலை இருந்தது. பெரியவர் அருகில் வந்து, “சாமி, வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அவன் என்னிடம் சொன்னது வேறு வண்டி” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு ஐந்து மாதம் ஆயிற்று. நம் குடும்பத்தார் அதை முதல் நாளிலேயே, வண்டியின் அருகில் நின்றே, மரியாதையோடும் அஞ்சாமலும் சொல்லப் பழக வேண்டும் என்பதே நம் விருப்பம்.