வாணலியும் ஐந்து நிமிடமும்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து யாம் கோவில் வாயிலில் நின்றுகொண்டிருந்தோம். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி எம்மைக் கடந்து போனான். வழக்கமாக ஓடிவந்து தோத்திரம் சொல்லும் பிள்ளை. அழைத்துக் கையைக் காட்டச் சொன்னோம். விரலிடுக்குகளில் தோல் கறுத்து உரிந்திருந்தது. உதட்டோரத்திலும் ஒரு புண். பண்ருட்டிப் பக்கம் பாட்டி ஊருக்குப் போனவன், தோப்பில் பொறுக்கிய முந்திரிக் கொட்டைகளை ஒரு பையில் கட்டி நகரியத்துக்குக் கொண்டுவந்திருக்கிறான். தாயார் வேலைக்குச் சென்றிருந்த வேளையில் எரிவாயு அடுப்பில் தோசைக்கல்லை ஏற்றி, ஓட்டோடு வறுத்துப் பார்த்திருக்கிறான். கொட்டைகள் வெடித்துச் சீறின. கண்ணுக்கு ஒன்றும் நேராதது இறைவன் அருள்.

அவனுடைய தாயார் எம்மிடம் கேட்ட கேள்வியே இம்மாதம் இப்பக்கத்தை எழுத வைத்தது. "சாமி, பாயசத்துக்கும் பொங்கலுக்கும் நாங்க வறுக்கிறதும் இதே முந்திரிதானே? அது கையைச் சுடலையே, இது மட்டும் ஏன் சாமி சுட்டுது?"

நியாயமான கேள்வி. முந்திரி நம் மண்ணின் மரம் அன்று. பிரேசில் நாட்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொணர்ந்தது. பழத்தின் அடியில் தொங்கும் கொட்டையின் ஓடு இரண்டு அடுக்கானது. இடையில் தேன்கூட்டைப் போன்ற அறைகள். அவற்றில் கறுத்த, பிசுபிசுப்பான ஓர் எண்ணெய். தோலில் பட்டால் அரித்துக் கொப்புளமாக்கும். சலவைத் தொழிலாளர் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய சேராங்கொட்டையைப் பெரியோர் அறிவர். அதுவும் முந்திரியும் மாவும் ஒரே குடும்பத்து மரங்கள். வண்டிகளின் பிரேக் கட்டைகளுக்கும் வண்ணப்பூச்சுகளுக்கும் மூலப்பொருளாகின்ற சரக்கு அந்த எண்ணெய். தோசைக்கல்லில் சூடேறியபோது அதுவே பிள்ளையின் மேல் தெறித்தது.

பண்ருட்டிச் சுற்றுவட்டாரத்தில் கொட்டையை முதலில் ஆவியில் வேகவைத்தோ சூளையில் வறுத்தோ பதப்படுத்துகிறார்கள். பிறகே உடைக்கிறார்கள். உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலையோ எண்ணெயையோ பூசிக்கொள்வார்கள். அப்படியும் பலருடைய விரல் நுனிகள் கறுத்தே இருக்கும். உடைத்த பருப்பை மறுபடி சூட்டில் உலர்த்தித் தோல் நீக்குகிறார்கள். ஆகவே கடையில் நாம் 'பச்சை முந்திரி' என்று வாங்குவது உண்மையில் இருமுறை சூடு கண்டது. வீட்டில் நாம் செய்வது கடைசி ஐந்து நிமிட வேலை மட்டுமே. முதல் வேலையை வீட்டு அடுப்பில் செய்யவே கூடாது. எம் சிறு வயதில் ஊரில் பெரியவர்கள் கொட்டை சுட்டதுண்டு. வீட்டுக்கு வெகு தொலைவில், திறந்த வெளியில், ஓட்டைச் சட்டியில் இட்டு, நீண்ட கழியால் கிளறுவார்கள். ஓட்டின் எண்ணெய் தீப்பற்றி எரியும். சட்டியைக் கவிழ்த்து மண்ணைப் போட்டு அணைப்பார்கள். பிள்ளைகளை அந்தப் புகையின் பக்கமே விடமாட்டார்கள். தவறிக் கையில் பட்டுவிட்டால் உடனே சோப்பும் நிறைய நீரும் கொண்டு கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

இனி அந்தக் கடைசி ஐந்து நிமிடம். விருந்தாளி வாயிலில் நிற்க, பாயசம் கொதிக்க, அவசரமாக வறுக்கும் இல்லத்தரசியர் அனைவரும் சொல்லும் குறை ஒன்றுதான்: "வெகு நேரம் ஒன்றும் ஆகவில்லை, சற்றுத் திரும்பிப் பார்ப்பதற்குள் கருகிவிட்டது." இதன் காரணத்தை நெய்வேலிக்காரருக்கு விளக்குவது எளிது. நம் சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். அந்த நீர் போகும் வரை அது நன்றாக எரியாது. பருப்பிலும் விதையிலும் ஈரம் மிகக் குறைவுதான், ஆனால் விதி அதுவே. ஈரம் ஆவியாகும் வரை சூடு அதிலேயே செலவாகிறது; நிறம் மாறாது. ஈரம் வற்றியவுடன் சூடு விரைந்து ஏறும். எடையில் பாதியளவு எண்ணெய் கொண்ட எள்ளும் நிலக்கடலையும், அதற்குச் சற்றே குறைந்த முந்திரியும் அப்போது நொடிகளில் சிவக்கும், அடுத்த நொடிகளில் கறுக்கும். முதல் மூன்று நிமிடத்தில் பொறுமை இழந்து தீயை ஏற்றுகிறவர் நான்காம் நிமிடத்தில் இழப்பது முந்திரியை.

ஆதலால் கனமான இரும்பு வாணலி, சிறு தீ, எண்ணெய் வேண்டாம், ஓரடுக்குக்கு மேல் இடவேண்டாம், கையில் கரண்டி. முழு முந்திரியையும் உடைத்ததையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். சிறியது முன்னே கருகும். மணம் எழும்போதே பாதி முடிந்தது என்று கொள்ளுங்கள். விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்னதாகவே இறக்கி, அக்கணமே வேறு அகன்ற தட்டில் கொட்டுங்கள். அடுப்பை அணைத்தாலும் இரும்பு சூட்டை விடாது.

இந்தக் கடைசிப் பாடத்தை யாம் குருமடத்தில் கற்றோம். ஒரு பண்டிகைக்கு எள்ளுருண்டை செய்வதாக ஏற்பாடு. எள்ளை வறுக்கும் பொறுப்பு எமக்கு. எள் படபடவெனப் பொரிந்தது, பொன்னிறமாயிற்று, அடுப்பை அணைத்தோம், மணி அடித்தது, செபத்துக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு படி எள்ளும் கசந்து கிடந்தது. அணைந்த அடுப்பின் மேல் வாணலியே அதைக் கருக்கியிருந்தது. வெல்லம் கசப்பை மறைக்கும் என்று துணிந்து உருண்டையும் பிடித்தோம். மறைக்கவில்லை. அவ்வாண்டு முழுவதும் உடன் பயின்றோர் எம்மை 'கரிச்சட்டி' என்றே அழைத்தனர்.

பழைய நெய்வேலிக் குடும்பங்களுக்கு லெக்கோ அடுப்பு நினைவிருக்கும். பழுப்பு நிலக்கரியைக் கட்டிகளாக்கிக் கரியாக்கிய அந்த எரிபொருள் பற்றிக்கொள்ளத் தாமதிக்கும். பற்றினால் புகையின்றி நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். நகரியத்தில் வாழ்ந்த எம் சித்தி, சமையல் முடிந்து கனல் தணிந்த பிறகே நிலக்கடலையை அதில் ஏற்றுவார். அவசரம் என்ற பேச்சே இல்லை. எரிவாயுவின் வேகம் அன்று இல்லை, கருகலும் குறைவு.

தள்ளுவண்டிக்காரர் கடலையை மணலில் வறுப்பதைக் கவனித்திருப்பீர்கள். வாணலியைத் தொடும் பக்கம் மட்டும் சுடாமல், மணல் கடலையை எல்லாப் பக்கமும் சூழ்ந்து சூடு தருகிறது. வீட்டில் மணலுக்குப் பதில் கல்லுப்பு போதும். உப்பை முதலில் நன்றாகக் காயவைத்துக் கடலையை இட்டுக் கிளறினால் எட்டுப் பத்து நிமிடத்தில் சீராக வறுபடும். சலித்தெடுத்த உப்பை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். பூசணி விதை மூன்று நான்கு நிமிடம், எள் இரண்டு மூன்று நிமிடம். பலாக்கொட்டையைச் சுடுவோர் தோலில் ஒரு கீறல் போட மறக்கவேண்டாம். உள்ளிருக்கும் நீராவி வழியின்றி வெடிக்கும். 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. மீண்டும் நட்டு வளர்த்தவர்களின் மரங்கள் தந்த காய், கருகவிட மனம் வருமோ?

மைக்ரோவேவ் அடுப்பு உள்ளோர் ஒவ்வொரு நிமிடத்துக்கும் நிறுத்திக் கிளறினால் அதிலும் வறுக்கலாம். எமக்கு அதில் மனம் ஒன்றவில்லை. மணம் எப்போது வந்தது என்பதே தெரிவதில்லை.

விலை மலிவு என்று பூஞ்சை பிடித்த கடலையை வாங்கி, "வறுத்தால் சரியாகிவிடும்" என்று சொல்வோரைக் கண்டிருக்கிறோம். சரியாகாது. 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன; தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சே காரணம் எனக் கண்டார்கள். அஃப்ளாடாக்சின் என்பது அதன் பெயர்; கல்லீரலைத் தாக்குவது. 1974இல் இராஜஸ்தானிலும் குஜராத்திலும் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீட்டு வாணலியின் சூடு பூஞ்சையைக் கொல்லும், ஆனால் அது விட்டுச்சென்ற நஞ்சை முற்றாக அழிக்காது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது ஆகியவற்றைப் பொறுக்கி எறியுங்கள். கோழிக்கும் போடாதீர்கள்.

அச்சிறுவனின் கைகள் மூன்று வாரத்தில் தேறின. பையில் எஞ்சிய கொட்டைகளை அவன் தந்தையார் பண்ருட்டிக்கே கொண்டுபோய், உடைக்கும் இடத்தில் கொடுத்துப் பருப்பாக்கி வந்தார். ஒரு பிடி எமக்கும் வந்தது. சமையற்காரரை விலகச் சொல்லி யாமே வறுத்தோம். நடுவில் கதவு தட்டப்பட்டது. தட்டியவர் சற்றுக் காத்திருக்க நேர்ந்தது. பிறகு அவருக்கும் நான்கு பருப்பு கிடைத்தது.