நாயுடுபுரத்தில் மலைப்பாம்புக் கூட்டம்

எங்கள் தெருவில் ஒரு பையன். கொரோனா சமயத்தில் சென்னைக் கம்பெனி வேலையை மடிக்கணினியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தான். அப்புறம் திரும்பிப் போகவே இல்லை. சில மாதங்களுக்கு முன் வாசலில் வந்து நின்று, "சார், இங்க பைத்தான் தெரிஞ்சவங்க, கத்துக்கிறவங்க எல்லாரையும் சேத்து ஒரு கூட்டம் போடலாம்னு இருக்கேன். நீங்கதான் தலைமை தாங்கணும்" என்றான்.

உள்ளேயிருந்து என் மனைவி, "மலைப்பாம்பா? அதுக்கு ஃபாரஸ்ட்காரங்களைத்தானே கூப்பிடணும்?" என்றாள். பைத்தான் ஒரு கணினி மொழி என்று விளக்கினேன். (அந்தப் பெயர் பாம்பிலிருந்து வந்ததுகூட அல்ல. மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம், மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் பெயரை எடுத்துக்கொண்டார்.) விளக்கம் எடுபடவில்லை. எங்கள் வீட்டில் இன்றுவரை அது மலைப்பாம்புக் கூட்டம்தான்.

முதல் கூட்டம் நம் ஊர் வழக்கப்படி நடந்தது. வாடகைக்கு ஒரு மண்டபம், ஃபிளெக்ஸ், குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர், பொன்னாடை. நாற்பது நாற்காலிகளில் முக்கால்வாசி நிறைந்தன. வரவேற்புரைக்கும் தலைமையுரைக்குமே (பாவி, நானும் பேசினேன்) ஒரு மணி நேரம் போய்விட்டது. விருந்தினர் செயற்கை நுண்ணறிவு உலகத்தை எப்படி மாற்றப்போகிறது என்று ஆங்கிலத்தில் படம் காட்டினார். கடைசியில் "எனி கொஸ்டின்ஸ்?" என்றார். ஒரு சத்தமும் இல்லை.

டீ கொடுக்கும்போதுதான் ஒரு பெண் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். பூம்பாறைப் பக்கத்துக் கிராமம், கல்லூரி மாணவி. "சார், நான் எழுதின புரோகிராம்ல தமிழ்ப் பேருங்க பாதியில வெட்டுப்படுது. இங்க யாரைக் கேக்கிறது?" யாரைக் கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை. விருந்தினர் காரில் ஏறிவிட்டார். அவளுக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பிளாஸ்கில் பாதி டீயும், அந்தக் கேள்வியும் அங்கேயே நின்றுபோயின.

அன்று இரவு பையனிடம் சொன்னேன்: "தம்பி, நீ நடத்த வேண்டியது கூட்டம் இல்லை. அந்த டீ நேரம் மட்டும் போதும்."

இது நான் கண்டுபிடித்த யோசனை அல்ல. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்குகிறது; இரண்டாம் சனிக்கிழமை என்றால் அவர்கள் சந்திப்பு என்பது பழகியவர்களுக்கு மனப்பாடம். பைத்தான்காரர்களின் 'சென்னைபை' குழுவுக்கு நான்காம் சனிக்கிழமை. காஞ்சிபுரம் லினக்ஸ் குழு ஞாயிறுதோறும் இணையத்தில் கூடிப் பேசுகிறது. கட்டணம் கிடையாது, யாரும் வரலாம். இவற்றை ஓட்டுவது நாள் மாறாத பிடிவாதம்தான். அழைப்பிதழ் தேவையில்லை, காலண்டர் போதும். நாள் மாறினால் போச்சு. "இந்த மாசம் இருக்கா?" என்று யாராவது கேட்க ஆரம்பித்துவிட்டாலே குழுவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று பொருள்.

இன்னும் பின்னால் போனால் 1975 மார்ச் 5, கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க். கார்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் வீட்டு கார் ஷெட்டில் முப்பது பேர் போலக் கூடினார்கள். நடுவில் பார்க்க வைத்திருந்தது ஆல்டேர் 8800 என்ற, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கணினி. அதுதான் ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப். அன்று வந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் வோஸ்னியாக். ஆப்பிளின் முதல் கணினியை அவர் பிறகு அந்த நண்பர்களிடம்தான் கொண்டுவந்து காட்டினார். கூட்டம் பெருத்து அரங்கத்துக்கு மாறியபின் லீ ஃபெல்சென்ஸ்டைன் அதை நடத்திய முறைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதலில், அவரவர் இருந்த இடத்திலிருந்தே என்ன வைத்திருக்கிறேன், என்ன தேவை என்று சொல்லிவிட வேண்டும். அப்புறம் எல்லோரும் எழுந்து, தனக்கு வேண்டிய ஆளைத் தேடிப் போய்ப் பேசிக்கொள்ளலாம். நம் வாரச்சந்தையில் நடப்பதும் இதுதானே.

இரண்டாவது கூட்டம் எங்கள் வீட்டு முன்னறையில். ஜமுக்காளம், சுக்குக் காப்பி, ஒன்பது பேர். சுற்று ஆரம்பித்தது. பூம்பாறைப் பெண்ணின் முறை வந்தபோது, பெயர்ச்சீட்டு அச்சடிக்க ஒரு நிரல் எழுதியதாகவும், ஊர்ப் பெயருக்குப் பத்து எழுத்து இடம் ஒதுக்கியதாகவும், 'கொடைக்கானல்' என்று கொடுத்தால் 'கொடைக்கானல' என்று வருவதாகவும் சொன்னாள். ஆறு எழுத்துப் பெயர் பத்து எழுத்து இடத்தில் எப்படிக் கொள்ளாமல் போகும்?

கணினி படித்தவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, செராக்ஸ் கடையில் டிடிபி போடும் ஒருவர் வாயைத் திறந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர் அவர். "புள்ளி தனியா நிக்குது பாருங்க. எங்க பழைய டைப்பிங்லயும் புள்ளிக்குத் தனியாத்தான் தட்டணும்." பையன் உடனே பைத்தானிடம் 'கொடைக்கானல்' எவ்வளவு நீளம் என்று கேட்டான். 11 என்றது. யூனிகோடில் 'கொ' ஓர் எழுத்தல்ல. 'க' ஒன்று, ஒகரக் குறி ஒன்று. 'ல்' என்பதும் 'ல' ஒன்று, புள்ளி ஒன்று. அப்படி எண்ணினால் சரியாகப் பதினொன்று. பத்தோடு வெட்டினால் கடைசிப் புள்ளி போய்விடும். தமிழ் எழுத்துகளை நாம் எண்ணுவதுபோலப் பிரித்துத்தரும் 'ஓபன்-தமிழ்' என்ற இலவச நிரல் தொகுப்பு இருப்பதையும் பையன் காட்டினான். அதைப் போட்டுப் பார்த்தார்கள். ஆறு.

அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். மண்டபத்தில் இந்தக் கேள்வியை அவள் எழுந்து கேட்டிருக்க மாட்டாள். கேட்டிருந்தாலும் டிடிபிக்காரர் அங்கே வந்திருக்க மாட்டார்.

ஒரு விஷயத்தில் நான் தோற்றேன். மடிக்கணினியைத் திறக்கக்கூடாது, பேச்சு மட்டும்தான் என்று சட்டம் போட்டிருந்தேன். "திரையில பாக்காம இது ஓடாது சார்" என்றான் பையன். அந்த 11-ஐப் பார்த்தபின் என் சட்டம் ரத்து. ஆனால் போட்டோ, ஃபிளெக்ஸ், சான்றிதழ் மூன்றுக்கும் நான் இன்னும் எதிரி. சான்றிதழ் கொடுத்தால் கூட்டம் சேரும் என்கிறான். சேரும், சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விடும். ஆங்கிலத்தில் பேசினால் வேலைக்கு உதவும் என்கிறான். அது நியாயம்தான். ஆனால் "எனக்குப் புரியலை" என்பதை மனிதர்கள் தாய்மொழியில்தான் முதலில் சொல்வார்கள். வங்கியில் கணினி வந்த காலத்தில் அதிகாரிகளுக்கு நடத்திய ஆங்கிலப் பயிற்சியில் நான் தலையாட்டினேன். கற்றுக்கொண்டது, பக்கத்து நாற்காலிக் கிளார்க்கிடம்.

மலைக்கென்று சில கணக்குகளும் உண்டு. மாலையில் வைக்கவே கூடாது. மதியத்துக்கு மேல் மூடுபனி எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது, மன்னவனூர், பூம்பாறைக்காரர்கள் பஸ்ஸை விட்டால் அவ்வளவுதான். பெண்பிள்ளைகள் அடுத்த மாதம் வருவார்களா என்பதை அந்தப் பஸ்தான் முடிவு செய்கிறது. ஆகவே காலை பத்தரை. ஏப்ரல், மே சீசனில் பாதிப் பேர் லாட்ஜிலும் கடையிலும் நிற்பார்கள். வந்தவர்களை வைத்து நடத்த வேண்டும், நிறுத்தக்கூடாது. கீழேயிருந்து வண்டியில் வருகிறவர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மின்சாரம் போனால்? போகட்டும். பேச்சுக்குக் கரண்ட் தேவையில்லை, என் பழைய சட்டத்துக்கு அன்று ஒருநாள் மரியாதை.

பையன் இப்போது வேறொரு ஆசையில் இருக்கிறான். மேலே வானாய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அவற்றைக் கணினிக்கும் ஏற்றிவிட்டார்கள். கரும்புள்ளிகளை எண்ண நாமே ஒரு நிரல் எழுதினால் என்ன என்கிறான். டிடிபிக்காரர் கேட்டார், "அந்தப் புள்ளியும் வெட்டுப்படுமா?" இந்த நான்காம் சனிக்கிழமை அதைத்தான் பேசப்போகிறோம். சுக்குக் காப்பிக்கு ஒன்பது டம்ளர்தான் இருக்கிறது. கூட நான்கு வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள் மனைவி.