முற்றங்கள் நிறையட்டும்

ஆகஸ்ட் மாதம் பிறந்தால் பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகம் நோக்கிச் செல்லும் வாகனங்களில் பயணப் பெட்டிகள் நிறைந்திருக்கும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் அது பாடசாலை விடுமுறைக் காலம். கரம்பொன் கிராமத்தில் நெடுநாள் பூட்டிக் கிடந்த சில வீடுகளின் கதவுகள் திறக்கப்படுகின்றன. மடு அன்னையின் பெருவிழாவும் அம்மாதம் 15ஆம் திகதி வருவதால், நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அது ஒன்றுகூடலின் மாதமாகவே அமைந்துவிட்டது.

ஆனால், ஊருக்கு வந்தவர்கள் உண்மையில் ஒன்றுகூடுகின்றார்களா? இரண்டு வார விடுமுறையின் முதல் நாட்கள் காணி உறுதிக்கும் நில அளவைக்கும் போய்விடுகின்றன. அடுத்த நாட்களை மண்டபங்களில் நடைபெறும் விழாக்கள் எடுத்துக்கொள்கின்றன. எஞ்சிய நாட்கள் கடைவீதியில் கழிகின்றன. பேரப்பிள்ளைகளின் வருகைக்காக மாதக்கணக்கில் காத்திருந்த அப்பம்மாவுக்குக் கிடைப்பவை சில புகைப்படங்களே.

காணி அலுவல்களைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. அவையும் செய்யப்பட வேண்டியவையே. ஆயினும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றுண்டு. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். போர் 2009இல் முடிந்தபோது, ஒரே முற்றத்தில் வளர்ந்த உடன்பிறப்புகள் வெவ்வேறு கண்டங்களில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களது பிள்ளைகளில் ஒருவர் ஜேர்மன் மொழி பேசுகிறார், மற்றவர் பிரெஞ்சு பேசுகிறார், இன்னொருவர் ஆங்கிலம் பேசுகிறார். நாளை இந்தக் காணியின் பங்காளிகள் அவர்களே. ஒருவரையொருவர் அறியாத பங்காளிகளிடையே பிணக்கு எழுந்தால், அதைப் பேசித் தீர்ப்பதற்கு என்ன உறவு இருக்கும்? நீதிமன்றம் ஒன்றே அவர்களுக்கு எஞ்சும்.

இயேசு பன்னிரண்டு வயதில் எருசலேமில் தங்கிவிட்ட நிகழ்வை நாம் அறிவோம் (லூக்கா 2:41-52). திருவிழா முடிந்து திரும்பிய மரியாவும் யோசேப்பும், மகன் உறவினரோடு வருகிறார் என எண்ணி ஒரு நாள் முழுவதும் நடந்தார்கள். அவர்களுக்குத் தம் உறவினர்மீது எத்துணை நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்! ஆண்டுதோறும் ஒன்றாக நடந்து, ஒன்றாக உண்டு, ஒன்றாகத் தங்கிய உறவிலேதான் அத்தகைய நம்பிக்கை பிறக்கும். அவசரமாக எடுத்த ஒரு குழுப்படத்தில் அது பிறப்பதில்லை.

இங்கேதான் எளிய பொழுதுபோக்குகளின் அருமை விளங்குகின்றது. விளையாட்டை வீண்பொழுது எனக் கருதும் பக்தியுள்ளவர்கள் நம்மிடையே உண்டு. புனித அக்குவினாஸ் தோமையார் அவ்வாறு எண்ணவில்லை. உடலுக்கு ஓய்வு தேவைப்படுவது போல உள்ளத்திற்கு விளையாட்டு தேவை என்றும், அளவோடு மகிழ்ந்திருப்பது நற்பண்பு என்றும் அவர் கற்பித்தார். இடைவிடாது வளைத்தே வைக்கப்பட்ட வில் முறிந்துபோகும் என்ற பழங்கதையையும் அவர் எடுத்துக்காட்டுகிறார்.

நம் முற்றங்களில் இதற்கு என்ன குறை? கிளித்தட்டுக்கு மண்ணில் கோடு கீறினால் போதும். கொக்கான் வெட்டுவதற்குச் சில கற்கள் போதும். தமிழ் தெரியாத பேத்தியும் அம்மம்மாவின் கையசைவைப் பார்த்தே கொக்கான் பழகிக்கொள்வாள். பெரியவர்களுக்கு 304 இருக்கிறது. ஓர் இனத்திற்கு 76 புள்ளிகள் வீதம் நான்கு இனங்களுக்கு 304 என்று கணக்குச் சொல்லிக் கொடுக்கும் பெரியப்பாவுக்கும், அதைக் கேட்கும் மருமகனுக்கும் இடையே ஒரு மாலைப்பொழுதில் பல ஆண்டுப் பிரிவு கரைந்துபோகலாம். பணம் வைத்து ஆடாதவரை அது சூதாகாது. ஒடியற்கூழும் அப்படித்தான். ஒருவர் மீன் துப்புரவாக்க, ஒருவர் மரவள்ளிக்கிழங்கு வெட்ட, ஒருவர் பனையோலையில் பிளா கோல, எல்லாரும் கூடியே அதைக் காய்ச்சிக் குடிக்கிறோம். தனியொருவருக்காக யாரும் கூழ் காய்ச்சுவதில்லை.

நம்மைப் போலவே கடல் கடந்து உழைக்கும் மக்களைப் பெருந்தொகையாகக் கொண்ட கத்தோலிக்க நாடு பிலிப்பைன்ஸ். அங்கு டிசம்பர் 16 முதல் ஒன்பது நாட்கள் விடியற்காலைத் திருப்பலி நடைபெறுகின்றது. தலைநகரிலும் வெளிநாடுகளிலும் இருப்போர் முடிந்தவரை தம் மாகாணத்து வீட்டுக்குத் திரும்பி, நத்தார் நள்ளிரவில் ஒரே மேசையில் உண்கிறார்கள். இளையோர் முதியோரின் கையை எடுத்துத் தம் நெற்றியில் வைத்து ஆசி பெறுகிறார்கள். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளார் உலகின் பல திசைகளுக்கும் சென்று தமிழின் பெருமையை உரைத்தவர். அவரே தம் முன்னோரின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டவர். வெகுதூரம் செல்லும் பிள்ளைகளுக்கும் வேர் வேண்டும் என்பதற்கு இவ்வூருக்கு வேறு சான்று தேவையில்லை.

ஆகவே அன்பார்ந்த குடும்பத்தினரே, அடுத்த விடுமுறையில் மூன்று நாட்களையேனும் எந்த அலுவலும் இல்லாத நாட்களாக ஒதுக்கி வையுங்கள். அந்நாட்களில் கைத்தொலைபேசிகள் மாலைச் செபமாலை முதல் இரவுணவு வரை அலுமாரிக்குள் இருக்கட்டும். காணி பற்றிய பேச்சைக் கூழ் குடித்த மறுநாள் தொடங்குங்கள். பிள்ளைகள் எவரும் வராத அயல்வீட்டு முதியவரையும் உங்கள் முற்றத்திற்கு அழைத்து வாருங்கள்.

நாடுகடத்தப்பட்ட மக்கள் மீண்டும் குடியேறிய எருசலேமுக்கு இறைவாக்கினர் செக்கரியா ஒரு காட்சியைக் காட்டினார் (செக்கரியா 8:4-5). அதில் முதியவர்கள் கைத்தடியோடு தெருவில் அமர்ந்திருக்கின்றனர். சிறுவரும் சிறுமியரும் அதே தெருவில் விளையாடுகின்றனர். ஆண்டவர் தம் மக்களைத் திரும்பக் கொணர்ந்தார் என்பதற்கு இறைவாக்கினர் காட்டிய அடையாளம் அதுவே. நம் தீவகத்துத் தெருக்களிலும் அந்த அடையாளம் தெரிய வேண்டுமென இவ்வாரம் நம் குடும்பச் செபத்தில் மன்றாடுவோம்.