புறக்கோட்டை புகட்டும் பாடம்

கொழும்புக்கு வரும் நம்மவர் புறக்கோட்டைக்குச் சாமான் வாங்கச் செல்வர். அதனைப் பார்க்கவெனச் செல்வோர் சிலரே. சென்ற வாரம் நாம் அவ்வாறு சென்றோம்.

கோட்டைக்குப் புறத்தே அமைந்ததால் அது புறக்கோட்டை. ஆங்கிலத்தில் வழங்கும் 'பெட்டா' என்னும் பெயரும் நமது பேட்டையே. இரண்டாம் குறுக்குத்தெருவில் 1909-இல் கட்டிமுடிக்கப்பட்ட செம்பள்ளிவாசல். செட்டியார் தெருவில் நகைக்கடைகளும் கதிரேசன் கோவில்களும். அப்பால் மேட்டிலே 1757-இல் ஒல்லாந்தர் திறந்த தேவாலயம். மனிங் சந்தை 2020-இல் பேலியகொடைக்கு மாற்றப்பட்ட பின்னரும் தெருக்களில் நெருக்கம் குறையவில்லை.

நான்காம் குறுக்குத்தெருவில் சிறிது நேரம் நின்றோம். வெங்காய மூட்டைக்குத் தமிழ் வியாபாரி சிங்களத்தில் விலை கூறுகின்றார். முஸ்லிம் வியாபாரி இரு மொழியிலும் கணக்குத் தீர்க்கின்றார். மூட்டை சுமக்கும் சிங்கள நாட்டாமை தமிழில் வழி கேட்கின்றார். எச்சட்டமும் இவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. வாங்குபவன் மொழியை மதியாதவனுக்கு வியாபாரம் இல்லை, அவ்வளவே!

சந்தை அறிந்த இவ்வுண்மையை அரசாங்கக் கந்தோர்கள் அறிந்தனவா? 1956-இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. 1987-இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும், சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தை வாசிப்பிக்க ஆள் தேடும் விவசாயி இன்றும் இருக்கின்றான். அதனை வாசித்துக் கொடுக்கும் படித்தவரும், வாசித்ததோடு தம் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகின்றார்.

சந்தையின் நல்லுறவே போதுமென்று வாளாவிருத்தல் ஆகுமா? ஆகாது. 1983 ஜூலையில் இதே புறக்கோட்டையில் தமிழர் கடைகள் எரிந்தன. அயலவரின் மொழியை நன்கு பேசத் தெரிந்தவர்களின் கடைகளே எரிந்தன! அந்நாட்களில் தமிழரைத் தம் வீட்டில் மறைத்துக் காத்த சிங்கள மக்களை நாம் மறவோம். ஆனால், தனிமனிதரின் கருணை சட்டத்தின் காவலுக்கு ஈடாகாது.

உரிமை ஏட்டில் இருந்தாற் போதாது. கந்தோர் மேசைக்கு வரவேண்டும். தமிழில் எழுதுங்கள், தமிழில் மறுமொழி கேளுங்கள். மறுமொழி வராவிடின் மீண்டும் எழுதுங்கள். எழுதத் தயங்கும் விவசாயிக்குப் படித்தவர் துணை நிற்கட்டும்.

நாட்டாமைக்குக் கைவந்தது நாடாள்வோருக்குக் கைவராதோ?