அடுப்பில் வைத்த கால்

நம் எழுத்தாளர்களின் பால்யம் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. இவர்கள் எழுதுவதை நம்புவதானால், 1970களில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த சிறுவர்கள் அனைவரும் சத்யஜித் ராயைத்தான் பார்த்திருக்க வேண்டும். அபுவும் துர்காவும் ரயில் பார்க்க ஓடும்போது தன் கலைப் பிரக்ஞை விழித்துக்கொண்டது என்று எழுதாத கவிஞர் நம்மில் குறைவு. நானும் எழுதியிருக்கிறேன். அது பொய். 1955இல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி'யை நான் பார்த்தபோது எனக்கு வயது 24. உத்தியோகத்தில் இருந்தேன், ஃபிலிம் சொஸைட்டிக்குச் சந்தா கட்டியிருந்தேன். அந்த வயதில் விழித்துக்கொள்ள என்ன மிச்சமிருந்தது? ரசனை செம்மைப்பட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கற்பனை வேறு. அது வெகு முன்னாலேயே வேறொருவர் கையில் உருவாகி முடிந்திருந்தது. அவர் பெயரைச் சொன்னால் நம் வட்டத்தில் சிரிப்பார்கள்: பி. விட்டலாச்சார்யா.

1978இல் தெலுங்கில் வந்த 'ஜகன்மோகினி' தமிழ்க் குரலோடு எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஒற்றை புரொஜெக்டர். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கு எரியும், முறுக்குக்காரன் வருவான். அம்மாவோடு தரை டிக்கெட்டில் இருந்தேன். ஒரு பேய் சமைக்கிறது. விறகு இல்லை. சாவகாசமாக உட்கார்ந்து தன் கால்களை அடுப்புக்குள் நீட்டுகிறது. கால்கள் எரிகின்றன, உலை கொதிக்கிறது. கொட்டகை முழுவதும் கூச்சல். அம்மா கத்தவில்லை. எங்கள் வீட்டில் விறகு எடை போட்டு வாங்குவது. பாதி ஈரமாக இருக்கும். ஊதுகுழலை வைத்து ஊதி ஊதி அவள் கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். படம் முடிந்து இருட்டில் நடந்து வரும்போது, "விறகுச் செலவு மிச்சம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் காலை அவள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது என் பார்வை அவள் பாதங்களை விட்டு நகரவில்லை. 'ஜகன்மோகினி' பற்றி அதைவிட நல்ல விமர்சனம் எதையும் இன்றுவரை நான் படித்ததில்லை.

அந்தக் காட்சி எனக்குக் கொடுத்தது பயமோ ஆச்சரியமோ அல்ல. பயம் இரண்டு நாளில் போய்விட்டது. நடக்க முடியாத ஒன்றை, அதிசயம் என்று எந்த அடையாளமும் ஒட்டாமல், அன்றாடக் காரியமாகச் செய்து காட்டலாம் என்ற தைரியம்தான் தங்கியது. பேய்க்கும் பசி, பேய்க்கும் விறகுத் தட்டுப்பாடு. படிமம் என்று நாம் பின்னால் பக்கம் பக்கமாக எழுதிய சமாசாரத்தின் முதல் பாடம் இதுதான். அரூபமான எதுவும் அதில் இல்லை. கால், அடுப்பு, பானை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு திரையிடலில் ழான் காக்தோவின் 'அழகியும் மிருகமும்' (1946) பார்த்தோம். மிருகத்தின் மாளிகையில், சுவரிலிருந்து மனிதக் கைகள் நீண்டு மெழுகுவத்திகளை ஏந்தி நிற்கின்றன. அதியற்புதமான இடம், சந்தேகமில்லை. வெளியே வந்து டீக்கடையில் நண்பர்கள் ஒரு மணி நேரம் அந்தக் கைகளைப் பற்றியே பேசினார்கள். கனவு, ஆழ்மனம், ஸர்ரியலிஸம், எல்லாம் வந்தது. நான் விட்டலாச்சார்யாவின் காலைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னேன். பெரிய ஹாஸ்யம் போலச் சிரித்துவிட்டு மறுபடி காக்தோவுக்குப் போய்விட்டார்கள். கேட்கிறேன்: பிரெஞ்சுக்காரனின் சுவரிலிருந்து நீளும் கை கலை, தெலுங்குப் படத்தில் அடுப்புக்குள் நீளும் கால் கேலிக்கூத்து என்று தீர்மானித்தது எந்த அளவுகோல்? கறுப்பு வெள்ளையா? சப்டைட்டிலா? தந்திரம் என்று பார்த்தால் இவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ஜார்ஜ் மெலியே 1896இல் ஒரு பெண்ணை நாற்காலியிலிருந்து மறையவைத்ததும் கேமராவை நிறுத்தி, ஆளை அகற்றி, மறுபடி ஓடவிட்டுத்தான். விட்டலாச்சார்யாவும் அதையேதான் செய்தார், ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகிப்போன பின்பும் கூச்சமில்லாமல். அந்த மாற்றத்தில் ஒரு சின்னக் குலுக்கல் தெரியும். பின்னணியில் மரம் துளி நகர்ந்திருக்கும். அந்தக் குலுக்கலைக் கண்டுபிடிப்பதுதான் எங்களுக்கு விளையாட்டு. வெட்டு என்றால் என்ன என்று அங்கேதான் அறிந்தேன். இரண்டு வரிகளுக்கு நடுவில் உலகத்தை மாற்றிவிடலாம் என்றும்.

இவர் உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்தவர். கன்னடப் படத் தயாரிப்பில் இறங்குமுன் தானே டூரிங் டாக்கீஸ் நடத்தியவர். தரை டிக்கெட்காரன் எந்த ரீலில் எழுந்து போவான் என்பதைக் கணக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர். குறைந்த செலவு, அதே அரண்மனை செட், அதே குகை. கால்ஷீட் தராமல் இழுத்தடித்த நடிகரை முனிவர் சாபத்தால் கிளியாகவோ ஆடாகவோ மாற்றிப் படத்தை முடித்துவிடுவார் என்று கோடம்பாக்கத்தில் ஒரு கதை உலவுவதுண்டு. நிஜமோ கட்டுக்கதையோ, எனக்கு அது பிடித்திருக்கிறது. இல்லாமையிலிருந்து உருமாற்றம் பிறப்பது கவிதைக்குப் புதிதல்ல.

இப்போது எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கட்சி கிளம்பியிருக்கிறது. மார்க்வெஸுக்கு முன்னாலேயே நம்மிடம் மாந்திரீக யதார்த்தம் இருந்தது, ஆகவே விட்டலாச்சார்யா மேதை என்கிறது. இந்தப் பம்மாத்தும் எனக்கு வேண்டாம். அவர் மேதை இல்லை. தான் என்ன செய்துவிட்டோம் என்பதே அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. கால் எரிந்து முடியும் முன்பே காட்சியை அசட்டு ஹாஸ்யத்தில் கொண்டு போய்த் தள்ளுவார். காக்தோ அந்தக் கைகளைக் கைவிடுவதில்லை. அதுதான் இருவருக்கும் உள்ள தூரம், பெரிய தூரம். அவருடைய மோகினிகள் கொட்டகையின் முன்வரிசைக்காக ஆடை குறைக்கப்பட்டவர்கள். முடிவில் பதிவிரதையின் பூஜை எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடும். ஒன்பது வயதில் எனக்கு இது உறைக்கவில்லை, இன்று உறைக்கிறது. ஆனால் கடன் கொடுத்தவன் யோக்கியன் இல்லை என்பதற்காகக் கடன் இல்லை என்று ஆகிவிடாது.

என் கடனையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் தொகுப்பில் ஒரு பெண் தன் விரல்களை ஒவ்வொன்றாக ஒடித்து அடுப்பில் செருகும் கவிதை ஒன்று உண்டு. ஒரு நண்பர் அதில் லோர்காவின் பாதிப்பைக் கண்டு இரண்டு பக்கம் எழுதினார். லோர்காவை அப்போது நான் படித்திருக்கவில்லை. மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை, ஒரு கூட்டத்தில் ஆமாம் என்றும் சொன்னேன். பிறகு அவசரமாக லோர்காவை வாங்கிப் படித்தேன். விட்டலாச்சார்யா 1999இல் காலமானபோது நாலு வரி எழுத ஒரு பத்திரிகை கேட்டது. அவரைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அம்மா அந்தக் கவிதையைப் படித்ததில்லை. ஒரு தடவை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இது அந்தப் பேய்ப் படத்தில் வருமே" என்றாள்.