சென்சார் போனால் போகட்டும்... மரை போகக் கூடாது!

டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. மைலேஜும் குறைந்திருக்கிறது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்த மெக்கானிக், "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்தணும்" என்கிறார். புது சென்சாரும் வந்துவிடுகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். பழைய சென்சார் அசையவே மறுக்கிறது. ஸ்பேனரில் இரும்பு பைப்பைச் செருகி, இரண்டு பேர் சேர்ந்து இழுக்கிறார்கள்.

செலவு சென்சார் விலையோடு நிற்குமா, சைலன்சர் பைப் வரை இழுத்துக்கொண்டு போகுமா என்பது இந்த இடத்தில்தான் முடிவாகிறது.

அங்கே அதற்கு என்ன வேலை?

ஆக்சிஜன் சென்சார் பார்ப்பதற்கு ஸ்பார்க் பிளக் மாதிரியே இருக்கும். புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று அளந்து, இன்ஜினின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் இதன் வேலை. அதை வைத்துத்தான் பெட்ரோலைக் கூட்டுவதா, குறைப்பதா என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. 1976-ல் வால்வோ காரில் முதன்முதலாக வந்த இந்த பாஷ் தயாரிப்பு, இன்று எல்லா பெட்ரோல் கார்களிலும் இருக்கிறது. 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி அமலுக்கு வந்த பிறகு, பெரும்பாலான பைக், ஸ்கூட்டர்களிலும் இடம்பிடித்துவிட்டது.

ஏன் இறுகிப்போகிறது?

வண்டி ஓடும்போது எக்ஸாஸ்ட் பைப் பல நூறு டிகிரிக்குச் சூடாகிறது. நிறுத்தினால் ஆறுகிறது. தினமும் இதே கதை. கூடவே மழைத் தண்ணீர், கடலோர ஊர் என்றால் உப்புக் காற்று. இரும்பு துருப்பிடித்தால் முன்பிருந்ததைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியைத் துரு நிரப்பிவிட, சென்சாரும் பைப்பும் ஒட்டிப் பிறந்தவை போல ஆகிவிடுகின்றன.

முதலில் இதைக் கேளுங்கள்

"ஸ்கேனர்ல என்ன கோடு வந்துச்சு?" என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பி0135 என்றால் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் மின்சுற்றில் கோளாறு. ஃபியூஸ் போயிருந்தாலும், வயர் அறுந்திருந்தாலும் இதே கோடுதான் வரும். பி0420 என்றால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். சென்சார் அதைச் சொல்லும் தூதுவனாக மட்டுமே இருக்கலாம். சென்சாருக்கு முன்னால் பைப்பில் ஓட்டை இருந்தாலும், வெளிக்காற்று புகுந்து அளவு தப்பாகக் காட்டும். இவற்றையெல்லாம் பார்த்த பிறகு ஸ்பேனரை எடுத்தால் போதும்.

ஒரு ராத்திரி பொறுத்தால் பாதி வேலை மிச்சம்

விளக்கு விட்டு விட்டு மின்னினால் இன்ஜின் மிஸ்ஃபயர் ஆகிறது என்று அர்த்தம்; வண்டியை மேலும் ஓட்டக் கூடாது. நிலையாக எரிந்து, வண்டியும் வழக்கம்போல ஓடினால் ஒருநாள் தாமதத்தால் குடி முழுகிவிடாது. "அண்ணே, அவசரமில்ல. எண்ணெய் ஊறட்டும், நாளைக்குக் கழட்டுங்க" என்று சொல்லிவிடலாம்.

* இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, துருவை இளக்கும் பெனட்ரேட்டிங் ஆயிலை மரை தொடங்கும் இடத்தில் அடிக்க வேண்டும். சில மணி நேரம் விட்டு மறுபடியும் அடித்து, இரவு முழுக்க ஊற விடலாம். சூடான பைப்பில் அடித்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

* மறுநாள் வழிந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, திறந்தவெளியில் இன்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு அணைக்க வேண்டும். வெதுவெதுப்பில் பிடி தளரும். கையுறை கட்டாயம். காருக்கு அடியில் போவதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைக்க வேண்டும்.

* கனெக்டரைக் கழற்றிய பிறகே சென்சாரைத் திருக வேண்டும். கார்களில் பெரும்பாலும் 22 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும். வயருக்கு வழிவிடப் பக்கவாட்டில் வெட்டிய சாக்கெட், அதிக அழுத்தத்தில் விரிந்து வழுக்கும். பழைய சென்சார் எப்படியும் குப்பைக்குத்தான் என்றால், வயரை வெட்டிவிட்டு, அறுகோண டீப் சாக்கெட்டை முழுசாக மாட்டுவது நல்லது.

* கொஞ்சம் திரும்பி மறுபடி இறுகினால், அங்கேயே நிறுத்த வேண்டும். திரும்ப உள்ளே திருகி, எண்ணெய் விட்டு, மறுபடி வெளியே. இப்படி முன்னும் பின்னுமாகக் கொண்டுவந்தால் துரு உதிரும். ஒரே மூச்சில் இழுத்தால், சென்சார் வெளியே வரும்போது பைப்பின் மரையையும் உரித்துக்கொண்டு வரும்.

அப்படியும் அசையவில்லையா? டார்ச்சால் சூடுபடுத்துவதுதான் அடுத்த வழி. சூடு காட்ட வேண்டியது சென்சாரைச் சுற்றியுள்ள இரும்பு வளையத்துக்கு. பக்கத்தில் பெட்ரோல் டியூப், வயர் எல்லாம் இருக்கும் என்பதால், வீட்டு வாசலில் செய்யக்கூடிய வேலை அல்ல இது. பைக்குகளில் சென்சாரும் மரையும் சிறியவை. முரட்டுப் பலம் இன்னும் சீக்கிரமே சேதமாக்கிவிடும்.

மரை கெட்டுவிட்டால்?

லேசான சேதம் என்றால் டேப் போட்டுச் சரிசெய்யலாம். கார்களில் பெரும்பாலும் 18 மி.மீ. விட்டமும், 1.5 மி.மீ. இடைவெளியும் உள்ள மரைதான். டேப்பில் கிரீஸ் தடவினால், இரும்புத் தூள் பைப்புக்குள் விழாமல் ஒட்டிக்கொள்ளும். மரை முழுசாகப் போயிருந்தால் புதிய வளையத்தை வெல்டிங் செய்ய வேண்டும். அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு என்றால் வெல்டிங்கும் சுலபமல்ல. மாற்ற வேண்டி வந்தால், செலவு சென்சார் விலையைத் தாண்டிவிடும்.

புதிதை மாட்டும்போது

புது சென்சாரை முதலில் கையாலேயே திருக வேண்டும். கையால் ஏறவில்லை என்றால் மரை சுத்தமாக இல்லை என்று அர்த்தம். இறுகாமல் தடுக்கும் பசை பெரும்பாலும் அதன் மரையில் பூசியே வரும். இல்லையென்றால் சென்சாருக்கு உகந்த பசையை மரையில் மட்டும் லேசாகத் தடவலாம். முனையில் படக் கூடாது. சிலிக்கான் பசை பக்கமே போகக் கூடாது, சென்சாரைக் கெடுத்துவிடும். 18 மி.மீ. சென்சார்களுக்கு 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் முறுக்கம் வழக்கம் என்றாலும், உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவே இறுதியானது. வயர் சூடான பைப்பில் உரசாமல் பழைய கிளிப்பிலேயே மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்கேனரில் பழைய கோடை அழிக்கச் சொல்லுங்கள்.

இந்தப் பசை பூசி, சரியான முறுக்கத்தில் மாட்டிய சென்சார், அடுத்த முறை இவ்வளவு பிடிவாதம் பிடிக்காது.