ஒரே நொடியில் இரண்டு விலை! எது நிற்கும்?

ராசிங்காபுரத்து விவசாயி ஒருவர் மலைச்சரிவில் ஏலக்காய் போட்டிருக்கிறார். காய் உலர்ந்து போடிநாயக்கனூர் ஏலத்துக்கு வருகிறது. கை தூக்கி விலை கேட்ட காலம் போய்விட்டது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்தான்!

ஒரு கற்பனைக் கணக்கு. கிலோ 2,500 ரூபாயில் நிற்கிறது. ஒருவர் 2,510 என்கிறார். அதே நொடியில் மற்றவர் 2,505 என்கிறார். கம்ப்யூட்டருக்குள் இரண்டு வேலைக்காரர்கள் இந்த விலைகளை வாங்குகிறார்கள். இவர்களுக்கு 'இழை' என்று பெயர். இருவரும் பலகையைப் பார்க்கிறார்கள். 2,500 என்று இருக்கிறது. முதல் ஆள் 2,510 என்று எழுதுகிறான். இரண்டாவது ஆள் அதைக் கவனிக்கவில்லை. அவன் பார்த்தது பழைய விலை. 2,510-ஐ அழித்து 2,505 என்று எழுதிவிடுகிறான்!

சரக்கு 100 கிலோ என்றால் 500 ரூபாய் போச்சு. திருடன் யாரும் இல்லை.

இருளில் 5 கோடிப் பேர்

இது விளையாட்டுச் சங்கதி அல்ல. 2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவில் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் நின்றது. ஓஹையோ மின்சாரக் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. காரணம்? இதே ஜாதிப் பிழைதான்.

கண்டிப்பான கணக்கப்பிள்ளை

'சி' மொழியிலும் பூட்டு உண்டு. ஆனால் பூட்டு ஓரிடம், பணம் ஓரிடம். பூட்ட மறந்தால் கேட்பார் இல்லை. 2015-ல் முதல் நிலையான பதிப்பு வெளியான 'ரஸ்ட்' மொழியில் பணம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. சாவி வாங்காமல் தொட முடியாது. வேலை முடிந்ததும் பெட்டி தானே பூட்டிக்கொள்ளும். பொருளை ஒருவன் கைமாற்றிவிட்டால், கொடுத்தவன் அதை மறுபடி தொடக்கூடாது. தொட்டால்? கம்பைலர் என்னும் கணக்கப்பிள்ளை புரோகிராமையே திருப்பி அனுப்பிவிடுவார்! விதியை மீறத்தான் வேண்டுமென்றால், 'அன்சேஃப்' என்று வெளிப்படையாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

கணக்கப்பிள்ளைக்கும் எல்லாம் தெரியாது. பெட்டியைத் திறந்து விலையைப் பார்த்து, மூடிவிட்டு, மறுபடி திறந்து எழுதினால் பழைய வம்பு வரும். பார்ப்பதும் எழுதுவதும் ஒரே திறப்பில் நடக்க வேண்டும்.

மாணவர்கள் இந்த மொழி கடினம் என்று அலுத்துக்கொள்கிறார்கள். அலுப்பு நியாயந்தான். ஆனாலும் ஊரார் பணம் புழங்கும் இடத்தில் இந்தக் கண்டிப்பு வேண்டும். தேனி மாவட்டக் கல்லூரிகள் இதைத் தாராளமாகச் சொல்லிக் கொடுக்கலாம். கம்பைலர் இலவசம், பாடப் புத்தகமும் இலவசம்.